படத்தில் விழுந்த கோடு

ஜூன் 3

சில்லு,

உன் கடிதம் வந்தது. தபால்காரர் கதவைத் தட்டவில்லை. நேராக உள்ளே வந்து தையல் மெஷின் மேல் வைத்துவிட்டுப் போனார். கதவு திறந்தே கிடக்கும்போது தட்டுவானேன். வாசல், கொல்லை, ஜன்னல்கள் எல்லாமே திறந்துதான் இருக்கின்றன. மழை உள்ளே அடித்து, தைக்க வந்த சீருடைத் துணி ஒரு கட்டு நனைந்துவிட்டது. பக்கத்து வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்து, "திருடன் வந்தா அவனுக்கும் ஒரு டீ போட்டுக் குடுத்து அனுப்புவ போல" என்றாள். "வரட்டும், மூச்சு விடுற ஆளா இருந்தா சரி" என்றேன். சிரிக்க வந்தவள் அப்படியே போய்விட்டாள்.

ஏன் போனை எடுப்பதில்லை என்று கேட்டிருக்கிறாய். எடுத்தால் உன் குரல் கேட்கும். கேட்டால் நான் கத்துவேன், நீ அழுவாய். நீ அழுதால் எனக்கு உன் மேல் கோபம் நிற்காது. இன்னும் கொஞ்ச நாள் கோபமாக இருக்கவேண்டும் போல் இருக்கிறது. அதனால் எழுது. படிக்கிறேன்.

அன்றைக்கு மதியம் கரண்ட் போயிற்று. மழை கொட்டிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடத்துக் கேள்வித்தாளை நகல் எடுத்துக் கொடுத்தாகவேண்டும் என்று உன் அத்தான் ஜெனரேட்டரை நனையாமல் கடைக்குள்ளேயே இழுத்துக்கொண்டார். சாரல் அடிக்கிறது என்று ஷட்டரையும் இறக்கிக்கொண்டார். கேள்வித்தாள் வாங்க வந்த வாத்தியார்தான் ஷட்டரைத் தூக்கினார். உன் அத்தான் நாற்காலியில் சாய்ந்து கிடந்தாராம். நகல் மெஷின் மட்டும் ஓடிக்கொண்டே இருந்ததாம். ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்ப வெளியே தள்ளிக்கொண்டு, தரையெல்லாம் தாளாம்.

இதெல்லாம் உனக்குத் தெரியும். ஆனால் எப்போது தெரியும்? மறுநாள் தெரியும். அன்றைக்கு நான் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். உன் போன் ஒரு பெட்டிக்குள் கிடந்தது என்றாய். நீ வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. நீ வந்ததும் திரும்பிப் போனதும் ஒன்றாக இருந்தது. எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. போனைப் பெட்டியில் பூட்டிவிட்டு அந்த அறைக்குள் யாரைப் படம் எடுக்கிறாய்? எந்த மகாராணி உட்கார்ந்திருக்கிறாள் அங்கே?

சாப்பிடு. எலும்பாகத் தெரிந்தாய்.

அக்கா

ஜூன் 11

அக்கா,

திட்டு. பரவாயில்லை. திட்டுவதற்காவது பேனாவை எடுத்தாயே.

மகாராணி ஒரு தகடு. பிளாட்டினத் தகடு. உன் பித்தான் டப்பாவில் இருக்கிற சட்டைப் பித்தான் அளவுதான் இருப்பாள். இரும்புக் கூண்டுக்குள் வைத்திருக்கிறோம். கண்ணாலோ வெளிச்சத்தாலோ எடுக்கிற படம் இல்லை இது. ஒரு ஊசியால் எடுப்பது. உன் மெஷின் ஊசியையே நினைத்துக்கொள். ஆனால் இந்த ஊசியின் நுனியில் ஒரே ஒரு அணு துருத்திக்கொண்டிருக்கும். அது தகட்டைத் தொடாது. தொடுவதற்குக் கொஞ்சம் முன்னால் நின்றுவிடும். அந்த இடைவெளியில் மின்சாரம் மெல்லிசாகத் தாவும். கீழே மேடு வந்தால் கூடும், பள்ளம் வந்தால் குறையும். ஊசியை ஒரு வரி ஓட்டி, அதன் கீழே இன்னொரு வரி ஓட்டி, அப்படியே போனால் வரிகள் சேர்ந்து படமாகிவிடும். அதில் அணுக்கள் மணி கோத்தது போலத் தெரியும்.

தொடாமல் நிற்கவேண்டும் என்பதுதான் பாடு. யாராவது இருமினால் படத்தில் தெரியும். லிஃப்ட் ஓடினால் தெரியும். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே நடக்கிறோம். போன் ஒரு தடவை அதிர்ந்தால் போதும், ஊசி போய் முட்டிக்கொள்ளும். அதற்காகத்தான் அறைக்கு வெளியே பெட்டி. வாசலில் சிவப்பு விளக்கு எரிந்தால் யாரும் தட்டக்கூடாது, காவலாளி உள்பட. அன்றைக்கும் அது எரிந்துகொண்டிருந்தது. இதை நான் சாக்காகச் சொல்லவில்லை அக்கா. நடந்ததைச் சொல்கிறேன்.

இப்போது செய்வது என்னவென்றால், தகட்டின் மேல் ஒரு வாயுவை விடுகிறோம். ஆக்சிஜனையும் விடுகிறோம். இரண்டும் தகட்டில் ஒட்டிக்கொண்டு, பிறகு சேர்ந்து வேறொன்றாக மாறும். அந்த மாற்றம் நடக்கும்போதே ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் படம் பிடிக்கிறேன். மாற்றம் நடுவில் நடப்பதில்லை. இரண்டு கூட்டமும் முட்டிக்கொள்கிற ஓரத்தில்தான் நடக்கிறது. படத்துக்குப் படம் அந்த ஓரம் நகர்ந்துகொண்டே போகும். முதல் தடவை பார்த்தபோது எழுந்து நின்றுவிட்டேன்.

அத்தானிடம் ஒரு படத்தைக் காட்டியிருக்கிறேன். ஞாபகம் இருக்கிறதா? "இவ்வளவு படிச்சிட்டுப் புள்ளி புள்ளியாத்தான் எடுப்பியா? நம்ம கடைக்குக் கொண்டா, டோனர் மாத்தி நிமிஷத்துல சுத்தமா எடுத்துத் தர்றேன்" என்றார்.

மாதக் கடைசி வரைக்கும்தான் எங்களுக்கு அந்த மெஷின். பிறகு வேறு குழுவுக்குப் போய்விடும். அதற்குள் ஒரு நல்ல வரிசை எடுத்துவிட்டால் வந்துவிடுவேன். நீ வா என்று சொன்னால்.

சில்லு

ஜூன் 19

சில்லு,

தகட்டைச் சொன்னாய், ஊசியைச் சொன்னாய், செருப்பைக்கூடச் சொன்னாய். வாயுவின் பெயரை மட்டும் சொல்லவில்லை. சின்ன வயதில் மாவு டப்பாவைக் கவிழ்த்துவிட்டு, அன்றைக்கு வீட்டில் நடந்தது அத்தனையும் ஒப்பிப்பாய். பூனை வந்தது, காகம் வந்தது, எல்லாம் வரும். மாவு மட்டும் வராது. நான் உன் அக்கா. மாவைத்தான் தேடுவேன்.

ஓரம் என்று எழுதியிருந்தது மட்டும் எனக்குப் புரிந்தது. துணியும் நடுவில் பிரியாது.

பகலெல்லாம் தைக்கிறேன். தைக்கும்போது பயம் கொஞ்சம் தள்ளி நிற்கிறது. கையை எடுத்தால் வந்துவிடுகிறது. அடுப்பைக் கொல்லையில் கொண்டுபோய் வைத்துவிட்டேன். இஸ்திரிப் பெட்டியைத் தொடுவதில்லை, வெளியே கொடுக்கிறேன். தெருவில் ஒரு வண்டி இன்ஜினை அணைக்காமல் நின்றால் போய் நின்று, "அணைச்சிட்டுப் பேசுப்பா" என்கிறேன். எனக்குப் பைத்தியம் என்று நினைக்கிறார்கள். நினைக்கட்டும். கடையை இன்னும் திறக்கவில்லை. சாவி என்னிடம்தான் இருக்கிறது. தாள்களெல்லாம் தரையில் அப்படியே கிடக்கும் என்று நினைக்கிறேன்.

அவருக்கு அந்த நாளுக்கு முன்னாலேயே தலைவலி இருந்தது. கரண்ட் போகிற நாளெல்லாம் வரும். "கண்ணாடி மாத்தணும்டி, பவர் ஏறிப்போச்சு" என்பார். நான் தைலம் தேய்த்துவிடுவேன். யாருக்கு என்ன தெரியும்.

அந்த வாயுவின் பெயரை எழுது. மருத்துவர் என்னிடம் ஒரு பெயர் சொன்னார். எனக்கு வாயில் நுழையவில்லை, ஆனால் மறக்கவும் இல்லை. அது வேறு, இது வேறு என்று ஒரு வரி எழுதிவிடு. போதும்.

அக்கா

ஜூன் 27

அக்கா,

நீ நினைத்ததுதான். கார்பன் மோனாக்சைடு. மருத்துவர் சொன்ன அதே பெயர்.

அத்தானுக்கு அப்படி ஆனதற்கு ரொம்ப நாள் முன்பிருந்தே இதைத்தான் செய்கிறேன். உன்னிடம் சொல்ல வாய் வரவில்லை. நீ எழுதப்போவது எனக்குத் தெரியும், "அதைக் கூண்டில் வைத்து வளர்க்கிறாயா" என்பாய். வளர்க்கவில்லை அக்கா. அது எப்படி மாறுகிறது என்று பார்க்கிறேன். பிளாட்டினத்தின் மேல் ஆக்சிஜனோடு சேர்ந்துவிட்டால், நாம் வெளியே விடுகிற மூச்சில் இருக்கிற வாயுவாக அது மாறிவிடும். வண்டிகளின் புகைக்குழாயில் இப்படி ஒரு பூச்சு இருக்கிறது. அத்தானின் ஜெனரேட்டரில் இல்லை. உள்ளே ஒவ்வொரு அணுவும் எப்படி நடந்துகொள்கிறது என்பது இன்னும் சரியாகத் தெரியாது. இப்போது நான் இதைப் பார்க்காமல் வேறு எதைப் போய்ப் பார்ப்பேன், சொல்.

பயப்பட ஒன்றும் இல்லை. கூண்டுக்குள் போவது கொஞ்சம்தான். முன்பைவிட இப்போது கூடுதலாக விடுகிறோம், ஆனால் சிலிண்டர், குழாய், மூடி எல்லாம் கெட்டியானவை. போன வாரம் சிலிண்டர் தீர்ந்தபோது நானே புதிதாக மாற்றினேன். வாயு கசிந்தால் கத்துகிற கருவி ஒன்றும் இருக்கிறது. அதன் உள்ளே குட்டி மோட்டார் ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும், அந்த இரைச்சல் படத்தில் வரிசையாக அலை போல விழுந்தது. அதனால் கருவியை வெளியே நடைபாதைச் சுவரில் மாட்டியிருக்கிறேன். கதவை ஒட்டித்தான். காற்று இழுக்கிற மின்விசிறியையும் படம் எடுக்கும்போது மட்டும் நிறுத்திக்கொள்கிறேன். எல்லாரும் செய்வதுதான்.

இரண்டு நல்ல வரிசை கிடைத்தது. மூன்றாவது கிடைத்தால் போதும். மெஷினை ஒரு வாரம் கூடுதலாகக் கொடுத்திருக்கிறார்கள். அந்த வாரம் முழுக்க உள்ளேதான் இருப்பேன், மதியம் தொடங்கி இருட்டும் வரை. தூக்கம் போதவில்லை. தலைவலி வேறு, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. ஊருக்கு வந்தால் நன்றாகத் தூங்குவேன். ஊருக்கு வந்தால் நன்றாகத் தூங்குவேன், உன் பக்கத்தில் படுத்து. பார், ஒரே வரியை இரண்டு தடவை எழுதிவிட்டேன். அடிக்க மனமில்லை, இருக்கட்டும்.

சில்லு

ஜூலை 5

சில்லு,

உன் கடிதம் இப்போதுதான் வந்தது. படித்துக்கொண்டே வந்தேன். தலைவலி என்ற இடத்தில் நின்றுவிட்டேன். அதற்குப் பிறகு இரண்டு தடவை எழுதியிருக்கிறாயே அந்த வரியைப் படித்தேன். கடிதத்தை வைத்துவிட்டுப் போனை எடுத்தேன்.

அடிக்கிறது, அடிக்கிறது, நீ எடுக்கவில்லை. பெட்டியில் கிடக்கிறது. அன்றைக்கு அடித்த மாதிரியே அடிக்கிறது. இது மதியம். நீ உள்ளேதான் இருக்கிறாய்.

நீ எப்போதும் ஆபீஸ் உறையில்தான் கடிதம் போடுவாய். மூலையில் நம்பர் அச்சடித்திருந்தது. அதைக் கூப்பிட்டேன். யார் யாரோ எடுத்து, யார் யாருக்கோ மாற்றி, கடைசியில் உங்கள் கட்டடத்துக் காவலாளி கிடைத்தார்.

"உள்ள படம் எடுக்கிறாங்கம்மா. செவப்பு லைட் எரியுது" என்றார்.

"தட்டுங்க" என்றேன்.

"தட்டினா என்னை வீட்டுக்கு அனுப்பிருவாங்க. முன்னால இருந்தவர அப்படித்தான் அனுப்பினாங்க. சாயங்காலம் வெளிய வருவாங்க, சொல்றேன்."

"சாயங்காலம் வேணாங்க. இப்ப."

"என்ன விஷயம்னு சொல்லுங்க."

என்ன சொல்வது? என் தங்கைக்குத் தலை வலிக்கிறது, கடிதத்தில் எழுதியிருக்கிறாள், அதுவும் போன வாரம் எழுதியது என்றா சொல்வேன்? அந்த மனிதர் சிரித்துவிட்டு வைத்துவிடுவார். நான் சொல்லிவிட்டேன். "வீட்ல சாவுங்க. அவகிட்ட உடனே சொல்லணும். போன தடவையும் அவளுக்குச் சொல்ல முடியாமப் போச்சு" என்றேன். எப்போது நடந்த சாவு என்று சொல்லவில்லை.  "இருங்கம்மா, போய்ப் பாக்குறேன்" என்றார் அவர். லைன் அறுந்துவிட்டது.

திரும்பக் கூப்பிட்டால் யாரும் எடுக்கவில்லை.

கையைச் சும்மா வைத்திருக்க முடியவில்லை. அதற்குத்தான் எழுதுகிறேன், உனக்கு அனுப்புவதற்குக்கூட இல்லை. மெஷினில் உட்கார்ந்தேன், நூல் கோக்க முடியவில்லை. பக்கத்து வீட்டு அம்மாள் வந்து, "என்னாச்சு, முகம் இப்படி இருக்கு" என்றாள். "ஒண்ணுமில்ல, தங்கச்சி போன் பண்ணுவா" என்றேன். அவள் போகவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து என் வெங்காயத்தை உரித்துக்கொண்டிருக்கிறாள்.

உனக்கு ஒன்றும் இல்லை என்றால் உன் படத்தைக் கெடுத்துவிட்டேன். கதவைத் தட்டவைத்து, ஊசியை முட்டவைத்து, அந்த மனிதரின் வேலையையும் கெடுத்திருப்பேன். நீ ஜென்மத்துக்கும் என்னிடம் பேசமாட்டாய். பேசவேண்டாம். நீ கோபமாக எங்கேயாவது இருந்தால் போதும்.

நான் ஒரு தடவை கேட்டுவிட்டேன், யாரோ ஷட்டரைத் தூக்கினார்கள் என்று. இன்னொரு தடவை கேட்க என்னால் ஆகாது சில்லு.

போன் அடிக்கிறது.

ஜூலை 7

அக்கா,

போனில் இரண்டு பேரும் அழுததைத் தவிர ஒன்றும் பேசவில்லை. நீ கத்துவாய் என்று பார்த்தேன், கத்தவும் இல்லை. அதனால் எழுதுகிறேன். மருத்துவமனையில் இருந்து அறைக்கு வந்துவிட்டேன். தலை இன்னும் கொஞ்சம் கனமாக இருக்கிறது. மற்றபடி நன்றாக இருக்கிறேன்.

மூன்றாவது வரிசை எடுத்துக்கொண்டிருந்தேன். படம் அவ்வளவு சுத்தமாக வந்துகொண்டிருந்தது. நான் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், ஆனால் என்ன பார்க்கிறேன் என்று மனதில் நிற்கவில்லை. அப்போது காவலாளி கதவைத் தட்டுகிறார். மெல்ல இல்லை, உள்ளங்கையால் அறைகிறார். ஊசி திரையில் தாறுமாறாகக் குதித்தது. எனக்கு அப்படி ஒரு கோபம். இந்த ஆளை இன்றைக்கு விடக்கூடாது என்று நினைத்தேன்.

"மேடம், கதவத் திறங்க. உங்க வீட்ல சாவாம்."

எனக்கு வீடு என்றால் நீதான். அத்தான் போன பிறகு வேறு யார் இருக்கிறார்கள்? நீ என்றுதான் நினைத்தேன். போனை எடுக்காமல் இருந்து இருந்து, கதவையெல்லாம் திறந்துபோட்டு, நீயாக ஏதாவது செய்துகொண்டாய் என்று நினைத்தேன். எழுந்தேன், கால் நிற்கவில்லை. அதிர்ச்சியில் என்று நினைத்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்தேன்.

திறந்த உடனே நடைபாதைச் சுவரில் இருந்த கருவி கத்த ஆரம்பித்தது.

காவலாளி இரண்டு கையையும் தூக்கிவிட்டார். "நான் எதையும் தொடல மேடம். கதவ மட்டும்தான் தட்டினேன்" என்கிறார். எனக்கு அது என்ன சத்தம் என்று புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று. நான் மாட்டிய கருவி, நான் மாட்டிய சுவர். உள்ளே இருந்திருந்தால் என்றைக்கோ கத்தியிருக்கும். அவர்தான் என் சட்டைக் கையைப் பிடித்து மாடிப்படி வழியாக வெளியே இழுத்துக்கொண்டு போனார். புல்லில் உட்காரவைத்து, "யாரும்மா தவறிட்டாங்க?" என்று கேட்டார்.  போனைப் பெட்டியில் இருந்து எடுத்து வரச்சொல்லி உன்னைக் கூப்பிட்டேன். நீ எடுத்து "சில்லு" என்றாய்.

சிலிண்டர் மாற்றியபோது பழைய வாஷரையே திரும்பப் போட்டிருக்கிறேன். அதன் ஓரத்தில் ஒரு வெடிப்பு. அது வழியாகத்தான் வந்திருக்கிறது, கொஞ்சம் கொஞ்சமாக, தினமும். மருத்துவர் என் முகத்தில் ஆக்சிஜன் மூடியை வைத்துக்கொண்டே, "இன்னும் கொஞ்ச நேரம் உள்ள இருந்திருந்தா" என்று ஆரம்பித்தார், முடிக்கவில்லை. பேராசிரியர் அறையைப் பூட்டிவிட்டார். மின்விசிறி நிற்காமல் ஓடவேண்டும், கருவி உள்ளேயே இருக்கவேண்டும், அந்த அதிர்வு எட்டாத மாதிரி மெஷினைத் தூக்கி நிறுத்தத் தெரிந்தால்தான் இனிமேல் படம் என்று சொல்லிவிட்டார். என்னையும் கொஞ்ச நாள் வரக்கூடாது என்கிறார். அது தண்டனையா விடுப்பா என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. காவலாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. எல்லாரும் அவருக்குக் கை கொடுத்தார்கள்.

இத்தோடு ஒரு படம் வைத்திருக்கிறேன். அன்றைக்கு எடுத்ததுதான். நான் வெளியே வந்த பிறகும் அந்த ஊசி அதுபாட்டுக்கு வரி வரியாக ஓடி, படத்தை முடித்திருக்கிறது. உனக்கு அத்தானின் நகல் மெஷின் ஞாபகம் வரும். எனக்கும் வந்தது. மேலே இடது பக்கம் நெருக்கமாக இருக்கிற மணிகள்தான் அந்த வாயு. வலது பக்கம் ஆக்சிஜன். நடுவில் குறுக்கே தாறுமாறாக ஒரு பட்டை போகிறதே, அது கதவைத் தட்டியபோது விழுந்தது. அதற்குக் கீழே பார். ஓரம் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று தெரியும். வாயு இருந்த இடத்தில் பாதி காலி. மாறிப் போய்விட்டது.

படம் கெடவில்லை. கட்டுரையில் போடும்போது அந்தப் பட்டையை மட்டும் வெட்டிவிடுவார்கள். நான் செத்திருப்பேன், நீ உன் புத்தியால் காப்பாற்றிவிட்டாய். வரட்டுமா?

சில்லு

ஜூலை 15

சில்லு,

புத்தி என்று எழுதாதே. புத்தி எனக்கு எங்கே இருக்கிறது? பயம்தான். நான் காலையில் இருந்து இருட்டும் வரைக்கும் எல்லாவற்றுக்கும் பயப்படுகிறேன். பால்காரன் தாமதமாக வந்தால் பயம், பக்கத்து வீட்டு அம்மாள் தும்மினால் பயம். அத்தனையும் வீண். அதில் ஒன்று உன் கதவில் போய் விழுந்தது. இதில் எனக்குப் பெருமை இல்லை. அவருக்குத் தலை வலித்தபோது இந்தப் பயம் எங்கே போயிற்று என்றுதான் உட்கார்ந்து யோசிக்கிறேன்.

நான் செத்துவிட்டேன் என்று நீ நினைத்தாய் என்பதைப் படித்த பிறகு இரண்டு நாள் தைக்கவில்லை. அப்படி ஒன்றும் செய்துகொள்ளமாட்டேன். கதவைத் திறந்துவைப்பது காற்றுக்காகத்தான்.

படத்தை ஜன்னல் பக்கம் வைத்துப் பார்த்தேன். அவரைக் கொண்டுபோனது இவ்வளவு சின்ன மணியா? நெருங்கி நெருங்கி உட்கார்ந்திருக்கிறது, பார்த்தால் கெட்டது என்றே தெரியவில்லை. கீழே அது இல்லாமல் போன இடத்தை ரொம்ப நேரம் பார்த்தேன். பக்கத்து வீட்டு அம்மாளிடம் காட்டினேன். "என்னடி இது, கொசுவலையா?" என்றாள். "ஆமா, கிழிஞ்ச இடத்தப் பாரு" என்று அந்தப் பட்டையைக் காட்டினேன்.

நேற்றுப் பகலில் கடையைத் திறந்தேன். அவளும் கூட வந்தாள். ஷட்டரை முழுக்க மேலே ஏற்றி, அது இறங்காமல் இருக்க ஒரு கட்டையை முட்டுக்கொடுத்தேன். தாள்கள் அப்படியேதான் கிடந்தன. எல்லாம் ஒரே பக்கம். பொறுக்கி அடுக்கி வைத்திருக்கிறேன், பின்பக்கம் வெள்ளையாகத்தானே இருக்கிறது. இதுகூட அதில்தான் எழுதுகிறேன்.

வரட்டுமா என்று கேட்டிருக்கிறாய். இதையெல்லாமா கேட்பார்கள்? கோபம் இன்னும் இருக்கிறது. வா, நேரில் காட்டுகிறேன். உன் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு வா. ரயிலில் ஜன்னல் பக்கம் உட்கார். அந்தக் காவலாளியின் கழுத்தளவும் கை நீளமும் கேட்டு எழுதிக்கொண்டு வா, அவருக்கு ஒரு சட்டை தைக்கவேண்டும்.

அந்தப் பட்டையை வெட்டிவிடுவார்கள் என்று எழுதியிருக்கிறாய். வெட்டட்டும், அவர்களுக்குச் சுத்தமாக வேண்டும். வெட்டிய துண்டைக் கீழே போட்டுவிடாதே. எனக்குக் கொண்டுவா.

அக்கா